சந்தைச் செய்தியைப் பார்த்துப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் சேமிப்பு வந்ததும் பங்குச் சந்தையில் கணக்குத் தொடங்கினேன். மூன்று நிறுவனங்களின் பங்குகளை வாங்கினேன். தினமும் காலையில் சந்தைச் செய்திகளைப் படித்த பிறகுதான் மற்ற வேலை. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. "ஒரே நாளில் முதலீட்டாளர்களுக்குப் பல லட்சம் கோடி இழப்பு" என்கிறார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? நான் வைத்திருந்த ஒரு நிறுவனம், லாபம் 20 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தது. மறுநாளே பங்கு விலை விழுந்தது. பயந்துபோய் விற்றேன், பிறகு விலை ஏறிவிட்டது. விலை குறைந்த பங்குகளாக நிறைய வாங்கினால் வேகமாக வளருமா? சந்தை உச்சத்தில் இருக்கிறது என்கிறார்களே, சரியும் வரை காத்திருக்கவா? நண்பர் ஒருவர் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார். அங்கே தினமும் வாங்க வேண்டிய பங்குகளின் பெயர்கள் வருகின்றன, நம்பலாமா? மொத்தத்தில், எந்தச் செய்தியைப் பார்த்து வாங்குவது, எதைப் பார்த்து விற்பது? எந்தப் பங்கை வாங்கலாம் என்றும் சொன்னால் நல்லது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மொத்தத்தில் என்று தொடங்கிக் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்தியைப் பார்த்து வாங்குவதையும் செய்தியைப் பார்த்து விற்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். செய்தி படிப்பதை விடச் சொல்லவில்லை. ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்குள், அதை முழுநேரத் தொழிலாகக் கவனிப்பவர்களும் அவர்களுடைய கணினிகளும் வாங்க வேண்டியதை வாங்கி, விற்க வேண்டியதை விற்று முடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் விலையில் அந்தச் செய்தி ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதே செய்திக்காக நீங்களும் ஓடினால், கலந்து முடிந்த விலையைக் கொடுத்து வாங்குகிறீர்கள், அல்லது எல்லோரும் விற்று முடித்த விலைக்கு விற்கிறீர்கள். உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

இப்போது அந்தப் பல லட்சம் கோடி. சந்தையைப் பற்றி இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் ஒரு கோடி பங்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு பங்கு 100-க்குக் கைமாறியது. எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கடைசி விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் 100 கோடி. இதைத்தான் சந்தை மதிப்பு என்கிறார்கள். இப்போது வர்த்தகத் திரையைப் பாருங்கள். வாங்குவதற்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் இருக்கிறார்கள்: ஒருவர் 99-க்கு 200 பங்குகள் கேட்கிறார், இன்னொருவர் 98-க்கு 300, மற்றொருவர் 95-க்கு 500. அந்த நேரத்தில் அவசரத் தேவையுள்ள ஒருவர், கிடைத்த விலைக்கு 1,000 பங்குகளை விற்கிறார். முதல் 200 பங்குகள் 99-க்குப் போகின்றன, அடுத்த 300 பங்குகள் 98-க்கு, மீதி 500 பங்குகள் 95-க்கு. அவர் கைக்கு வந்தது 96,700. திரையில் கடைசி விலை 95. உடனே சந்தை மதிப்பு 95 கோடி ஆகிவிட்டது. மாலையில் செய்தி வருகிறது: முதலீட்டாளர்களுக்கு 5 கோடி இழப்பு.

கைமாறிய பணம் ஒரு லட்சம்கூட இல்லை. மற்ற 99 லட்சத்துச் சொச்சம் பங்குகளை யாரும் தொடவே இல்லை. அந்த 5 கோடி எந்தப் பெட்டியிலிருந்தும் எடுக்கப்படவில்லை, யாருடைய கணக்குக்கும் போகவில்லை. எல்லாப் பங்குகளையும் கடைசி விலைக்கே விற்க முடியும் என்ற அனுமானத்தில் போட்ட பெருக்கல் கணக்கு அது. பெருக்கும் எண் மாறியதால் விடையும் மாறியது, அவ்வளவுதான்.

இதற்கு நான் பார்த்தவற்றிலேயே தெளிவான சான்று 2013-இல் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் களவாடிய சிலர், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து அதிபர் ஒபாமா காயமடைந்தார் என்று பொய்ச் செய்தி போட்டார்கள். சில நிமிடங்களில், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் விலைப்போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் சந்தை மதிப்பில் சுமார் 13,600 கோடி டாலர் குறைந்தது. பொய் என்று தெரிந்ததும், அடுத்த சில நிமிடங்களில் அத்தனையும் திரும்பிவிட்டது. உண்மையான பணம் அவ்வளவு பெரிய தொகையாக எங்கோ போய்விட்டு அதற்குள் திரும்பி வர முடியாது அல்லவா? ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் பதறி விற்றவர்களுக்கு மட்டும் இழப்பு உண்மையானது. அவர்கள் விற்ற பங்குகளை அந்த விலைக்கு வாங்கியவர்களின் ஆதாயமும் உண்மையானது.

இதற்காக, விலைச் சரிவெல்லாம் வெறும் காகிதத்தில்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் கூடாது. அடுத்த மாதம் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவருக்கு இன்றைய விலைதான் விலை. சரிவு உங்களுக்கு இழப்பா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, அந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவை என்பதுதான். செய்தி வாசிப்பவருக்கு அது தெரியாது.

அடுத்தது, செய்திகளில் சொல்லும் காரணங்கள். "உலகச் சந்தைகளின் போக்கால் சரிவு", "லாபப் பதிவால் சரிவு", "வட்டி உயரும் அச்சத்தால் சரிவு" என்று தினமும் ஒரு காரணம் வருகிறது. சந்தை முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு காரணத்தை எழுதித் தர வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள் எழுதுவது அது. அவர்களைக் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்கள் லட்சம் காரணங்களுக்காக வாங்கி விற்றதை ஒரே வரியில் அடக்க வேறு வழி அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த வரியை நம்பி நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. "இன்று விற்பவர்கள் அதிகம்" என்பார்கள். விற்ற ஒவ்வொரு பங்கையும் யாரோ ஒருவர் வாங்கித்தான் இருக்கிறார். விற்பவரின் அவசரம் வாங்குபவரின் அவசரத்தைவிட அதிகமாக இருந்தது என்றால் மட்டுமே அதில் பொருள் உண்டு.

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அவ்வளவு பெரிய சரிவுக்கு அதே அளவு பெரிய செய்தி இருந்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் ஷில்லர் உடனேயே முதலீட்டாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, எந்தெந்தச் செய்திகள் உங்களுக்கு முக்கியமாகப் பட்டன என்று கேட்டார். குறிப்பிட்ட எந்த ஒரு செய்தியும் காரணமாகத் தெரியவில்லை. விலை விழுகிறது என்பதே பெரும்பாலானவர்களுக்குச் செய்தியாக இருந்தது. விழுவதைப் பார்த்து விற்றார்கள், விற்றதால் மேலும் விழுந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஷில்லர், சந்தையில் மனித மனத்தின் பங்கைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்.

அந்த நாளில் டௌ இழந்தது 508 புள்ளிகள். இன்று அதே குறியீடு 40,000-ஐத் தாண்டிவிட்டது. இப்போது 508 புள்ளிகள் குறைந்தால் அது ஒன்றரை சதவீதம்கூட இராது. "500 புள்ளிகள் வீழ்ச்சி" என்ற தலைப்பைப் பார்த்தால் பதறாமல் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும்.

லாபம் உயர்ந்தும் பங்கு விழுந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பங்கின் விலை நடந்து முடிந்ததற்கு அல்ல, நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் கொடுக்கப்படுவது. உங்கள் நிறுவனம் 30 சதவீத வளர்ச்சி காட்டும் என்று எதிர்பார்த்து, அதற்கேற்ற விலையைப் பலர் ஏற்கெனவே கொடுத்து வாங்கியிருந்தால், 20 சதவீதம் அவர்களுக்கு ஏமாற்றம்தான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு காலாண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் லாபம் அறிவித்தது. மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. தினமும் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை முதன்முறையாகக் குறைந்திருந்தது. அடுத்த காலாண்டைப் பற்றி நிறுவனம் சொன்னதும் எதிர்பார்ப்பைவிடக் குறைவு. லாபத்தின் அளவை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும், அதை நீங்களே சரிபார்க்கலாம். அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? காலாண்டு முடிவை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் விற்பனை வருவாய் என்ற வரியைப் பாருங்கள். அது 4 சதவீதம் மட்டுமே கூடியிருக்கிறதா? பிறகு "இதர வருமானம்" என்ற வரிக்கு வாருங்கள். நிறுவனம் ஒரு நிலத்தையோ துணை நிறுவனத்தையோ விற்றிருந்தால் அந்தத் தொகை அங்கே வந்து உட்கார்ந்து லாபத்தைத் தூக்கிக் காட்டும். சில நிறுவனங்கள் அதை விதிவிலக்கான இனம் என்று தனி வரியாகவும் காட்டும். நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். அடுத்து, ரொக்க வரவு செலவு அறிக்கை. எல்லா நாடுகளிலும் அது எல்லாக் காலாண்டிலும் வராது. ஆண்டறிக்கையில் நிச்சயம் இருக்கும். தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்பதை அது சொல்லும். லாபம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போக, ரொக்க வரவு மட்டும் கூடவே இல்லையென்றால், சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு விற்பனை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தமாகலாம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, விற்பனையைவிட வேகமாகக் கூடுகிறதா என்று பார்த்தால் அது உறுதிப்படும்.

இதில்தான் உங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். தினசரி விலைச் செய்தியைப் படிக்கும் நேரத்தில் பாதியைக்கூட நீங்கள் பங்குதாரராக இருக்கும் மூன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கு ஒதுக்கினால், உங்களைச் சுற்றியுள்ள பெரும்பாலானவர்களைவிட அதிகம் தெரிந்தவராகிவிடுவீர்கள். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினால் அது பெரிய செய்தி. பல நேரம் உள்பக்கத்தில் ஒரு பத்தியாகத்தான் வரும். நிதிப் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்தடுத்து விலகுவது, நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்குவது, புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் உங்கள் பங்கின் விகிதம் குறைந்துகொண்டே போவது, கடனுக்கான வட்டி லாபத்தில் பெரும்பகுதியை விழுங்குவது, இவையெல்லாம் விற்பதைப் பற்றி யோசிக்கத் தகுந்த செய்திகள். விலை 6 சதவீதம் குறைந்தது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் சேராது.

நீங்கள் விற்றதற்காக வருந்த வேண்டாம். ஆனால் அடிக்கடி வாங்கி விற்பது எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரு ஆய்வாளர்கள், 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வர்த்தகத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். பெரும்பகுதி இழப்புக்குக் காரணம், ஒவ்வொரு முறையும் கட்டிய தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசமும்தான். தரகுக் கட்டணம் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பதறி விற்று, ஏறிய பிறகு திரும்ப வாங்கும் பழக்கத்துக்கான விலை குறையவில்லை.

விலை குறைந்த பங்கு வேகமாக வளருமா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. சுமார் 500 டாலராக இருந்த விலை 125 டாலருக்கு அருகே வந்தது. நிறுவனம் ஒரே இரவில் மலிவாகிவிட்டதா? ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் நான்கு பங்குகள் இருந்தன, மதிப்பு அதே. பங்கு மலிவா விலை உயர்ந்ததா என்று அறிய, நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பை அது ஈட்டும் லாபத்தோடு ஒப்பிட வேண்டும். 10-க்கு விற்கும் பங்கும் பூஜ்யத்துக்குப் போகலாம். 10-க்கு விற்பதாலேயே அது ஏறிவிடாது.

சந்தை உச்சத்தில் இருக்கிறது, காத்திருக்கவா என்ற கேள்விக்கு இரண்டு உண்மைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்டகாலமாக உயர்ந்துவந்த எந்தக் குறியீடும் வழிநெடுகப் புதிய உச்சங்களைத் தொட்டபடிதான் வந்திருக்கும். ஒவ்வொரு உச்சத்திலும் காத்திருந்தவர் இன்னும் காத்திருப்பார். சரிவு வந்தாலும் அப்போது வாங்கும் துணிவு வருவது எளிதல்ல. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது, தொற்றுச் செய்திகள் உச்சத்தில் இருந்தன. அந்த ஒரு மாதத்தில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. நல்ல செய்திக்காகக் காத்திருந்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

அதே சமயம், காத்திருந்தால் எப்படியும் ஏறும் என்று யார் சொன்னாலும் ஜப்பானை நினைத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் நிக்கெய் குறியீடு 1989-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் 38,915-இல் முடிந்தது. அந்த அளவை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு சற்றுக் குறையும், ஆனாலும் ஒருவருடைய பணிக்காலம் முழுதும் போய்விடும். அன்று தன் மொத்தச் சேமிப்பையும் ஒரே நாளில், ஒரே நாட்டுச் சந்தையில் போட்டவரின் நிலை இது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவர் தாழ்ந்த விலைகளிலும் வாங்கியிருப்பார். அவருக்கு இவ்வளவு நீண்ட காத்திருப்பு இல்லை. ஆகவே உங்கள் தொகையைப் பிரித்து, தேதி குறித்து, உச்சமா பள்ளமா என்று பார்க்காமல் மாதாமாதம் போடுங்கள். ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடவே வேண்டாம். மூன்று நிறுவனங்கள் மட்டும் வைத்திருப்பது இந்தக் கட்டத்தில் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. சேமிப்பின் பெரும்பகுதி ஒரு பரந்த குறியீட்டில் உள்ள நிறுவனங்கள் அனைத்திலும் பணத்தைப் பிரித்துப் போடும், கட்டணம் குறைந்த ஃபண்டில் இருக்கட்டும். ஆண்டறிக்கை படிக்கும் பழக்கம் கைவந்த பிறகு தனிப் பங்குகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்தக் குழு. இதைப் படித்து முடித்ததும் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். மேலே சொன்ன 1,000 பங்குகளின் கணக்கை இப்போது தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். அதிகம் வர்த்தகம் ஆகாத ஒரு சிறிய நிறுவனத்தின் பங்குகளைச் சிலர் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் உள்ள குழுவில் அதன் பெயர் வருகிறது. விற்பதற்கு வரிசையில் நிற்பவர்கள் குறைவு என்பதால், சில நூறு பேர் வாங்கினாலே விலை மடமடவென ஏறும். ஏறுவதைப் பார்த்து மற்றவர்களும் நம்பி வாங்குவார்கள். அவர்களுக்கு விற்பவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? முதலில் குவித்தவர்கள்தான். அவர்கள் விற்று முடித்ததும் வாங்க ஆளிருக்காது. நீங்கள் விற்க நினைத்தாலும் விலை கேட்க எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் நண்பருக்கு முதல் இரண்டு முறை லாபம் கிடைத்திருக்கலாம். அது அவருடைய நம்பிக்கையை வளர்க்கத்தான். அவரையும் வெளியே அழைத்து வாருங்கள்.

குழுவில் யாராவது எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் என்று, அதாவது பின்னொரு தேதியில் விலை எப்படி இருக்கும் என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்களைப் பற்றி, பேச ஆரம்பித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் இவற்றில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்திருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒருவருக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசி வரியில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எதுவும் தெரியாமல் பெயர் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நானே அதைச் செய்ய முடியாது. உங்களுக்குக் கடன் இருக்கிறதா, இருந்தால் வட்டி எவ்வளவு. வேலை போனால் ஆறு மாதம் குடும்பம் நடத்தத் தனியாகப் பணம் இருக்கிறதா. உங்களை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள். இந்தச் சேமிப்பு எந்த ஆண்டில் எதற்குத் தேவைப்படும். இவற்றை எழுதி அனுப்புங்கள். கைவசம் உள்ள பங்குகளை வாங்கியபோது ஒவ்வொன்றையும் எதற்காக வாங்கினீர்கள் என்பதையும் ஓரிரு வரியில் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு, அவற்றில் எதை வைத்திருக்கலாம் என்பதிலிருந்து பேசத் தொடங்கலாம்.